வில்லும் கேமராவும் சைக்கிள் டியூபும்

புளியரை
ஆடி 6

அன்புள்ள மாடசாமிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சாரல் பிடித்துவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்குகிற காற்றுக்கு ராத்திரியெல்லாம் ஓடு கலகலக்கிறது. நீ வில் பழகுவதை நீயே படம் எடுத்துக்கொள்ளக் கேட்டிருந்த கேமராத் தாங்கிக்கும் முதல் எதிரி இந்தக் காற்றுதான்.

அமெரிக்காவில் வில்வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து, பக்கத்திலேயே ஒரு தாங்கியை இறுக்கித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தாங்கியை மட்டும் எடுத்துக்கொள், வேட்டையை விட்டுவிடு. நம் நாட்டு 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குள் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே வருகின்றன. உன் தோப்புக்கு அந்தண்டை செந்துருணி சரணாலயம். எழுத்தில் அனுமதி வாங்காமல் வில்லோடு அதற்குள் நுழைந்தாலே குற்றம். குறிப்பலகையில் எய்வதும் படம் எடுப்பதும் உன் வேலிக்குள்ளேயே இருக்கட்டும்.

முதலில் போல்ட்டு. கேமராவின் அடியில் இருக்கும் துளை கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. செல்போன் கிளிப்பின் அடியிலும் பெரும்பாலும் இதே துளைதான். கடையில் கேட்டால் கைக்கு வந்த 6 எம்எம் போல்ட்டைக் கொடுத்துவிடுவார்கள். அது இரண்டு சுற்று நன்றாக ஏறும், அப்புறம் பிடிக்கும். மரை இடைவெளி அதில் 1 மில்லிமீட்டர், இதில் 1.27. பிடித்த இடத்தில் ஸ்பானர் போட்டாயானால் கேமராவின் மரை போச்சு. “கால் இஞ்ச், முக்கால் இஞ்ச் நீளம், முழு மரை” என்று கேட்டு வாங்கு.

நீளத்தை ஏன் சொல்கிறேன் என்றால், கேமராவுக்குள் போகவேண்டியது நாலரை மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் அடித்தளத்தில் முட்டும். முக்கால் இஞ்ச் என்பது 19 மில்லிமீட்டர். பலகைக்கு 12 எம்எம் பிளைவுட், போல்ட் தலைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வாஷர், மேலே ஒட்டுகிற டியூப் ரப்பர் ஒரு மில்லிமீட்டர். கழித்துப் பார், சரியாக நாலரை மிஞ்சும். 9 எம்எம் பலகைதான் இருக்கிறது என்றால் அதே வாஷரை இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்.

இனி மரத்தில் கட்டுகிற கட்டை. 20 சென்டிமீட்டர் நீளம், 7 அகலம், 4 கனத்தில் ஒரு தேக்குத் துண்டு. தச்சுப் பட்டறைக் கழிவில் கிடைக்கும். அதன் முதுகில் நீளவாக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவத்தில் வெட்டிவிடச் சொல். தட்டைக் கட்டை உருண்டை மரத்தில் ஒரு கோட்டில்தான் ஒட்டும், அதனால் இப்படியும் அப்படியும் ஆடும். ‘வி’ வெட்டியது இரண்டு கோட்டில் உட்கார்ந்து அசையாது. முன்பக்கம் 4 இஞ்ச் எல் ஆங்கிள், அதன் மேல் 10க்கு 8 சென்டிமீட்டர் பிளைவுட் பலகை. போல்ட் துளை ஆங்கிளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் விழவேண்டும். இல்லாவிட்டால் அடியிலிருந்து திருக முடியாது. துளை ஆறரை மில்லிமீட்டர்.

கட்டுவதற்கு 26 இஞ்ச் சைக்கிளின் பழைய டியூப். வால்வுப் பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு நீளவாக்கில் இரண்டாகக் கீறினால், ஏறக்குறைய இரண்டு மீட்டரில் இரண்டு வார். மேலே ஒன்று, கீழே ஒன்று, நன்றாக இழுத்துக் கட்டு. ஒரே வாரில் கட்டினால் கேமராவின் பாரத்துக்குக் கட்டை தலை கவிழும். வெயிலில் கிடந்த டியூப் இழுக்கும்போது மெல்லிய வெடிப்புக் காட்டும், அதைத் தூரப் போடு. எப்படிக் கட்டினாலும் கேமராவின் கழுத்துவாரை மரத்தோடு தனியாக ஒரு கயிற்றில் முடிந்துவை. மேல்முனையில் ஒரு மர ஆப்பைச் செருகினால் கேமரா குனியும், கீழ்முனையில் செருகினால் நிமிரும்.

எந்த மரம் என்பதில்தான் ஆள் ஏமாறுவது. பாக்கு மரம் கைக்கு அடக்கமாக இருக்கிறதென்று ஆசை காட்டும். காற்றில் அதுபோல ஆடுவது வேறில்லை. தென்னை பரவாயில்லை, அடியிலிருந்து நாலடிக்குள். பலா, மா, தேக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம். ரப்பரில் கட்டுவதானால் பால் வெட்டுகிற பட்டைக்கு எதிர்ப்பக்கம் கட்டையை வை. வார் வெட்டுக்கும் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடைக்கும் கீழே போகட்டும். எந்த மரத்திலும் ஆணி அடிக்காதே.

மரம் இல்லாத இடத்தில் நெல் மூட்டை. பழைய ஜீன்ஸ் காலில் 25 சென்டிமீட்டர் வெட்டி, உள்ளே ஒரு பாலிதீன் பை, அதில் முக்கால் கிலோ நெல். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதே, நிரம்பினால் உருளும். நெல்லின் உமி சொரசொரப்பு. அழுத்தின வடிவத்தில் அப்படியே நிற்கும். கடுகு, கேழ்வரகெல்லாம் வழுக்கி ஓடும். பாலிதீன் போடாவிட்டால் இந்தச் சாரலில் நாற்றுதான் பாவுவாய். மணல் வேண்டாம், ஒரு பொடி லென்ஸ் வளையத்தில் ஏறினாலும் வம்பு.

மூன்று மூங்கில் கட்டி முக்காலி செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறாய். செய்யலாம், நடுவில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, அது புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வை. அந்தரத்தில் தொங்கினால் ஊசலாடி முக்காலியையும் ஆட்டும். எனக்கு அதில் மனசில்லை.

நீ வலக்கைக்காரன். இடத்தோள் குறிப்பலகையைப் பார்க்க நிற்பாய், நெஞ்சு வலப்பக்கம் திரும்பியிருக்கும். கேமரா அந்தப் பக்கம் நாலு மீட்டர் தள்ளி, தோள் உயரத்தில். தாழ்வாக வைத்தால் வில் பிடித்த கை சரியாக இருந்தாலும் மேலே தூக்கினதுபோல் தெரியும். முழங்கையும் அம்பும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க முதுகுப் பக்கம் ஒன்று எடு. எதிரில் வைத்து எடுக்க ஆசை வந்தால் அம்பு தொடுக்காமல் நாணை இழு, படம் விழுந்ததும் மெதுவாகத் தளர்த்திவிடு. அம்பில்லாமல் நாணை மட்டும் விட்டுவிடாதே. அந்த விசை முழுக்க வில்லுக்கே திரும்பும், தண்டு உடையும்.

10 நொடி டைமர் உனக்கு ஒத்துவராது. ஓடி வந்து நின்று, மூச்சைச் சீராக்கி, இழுப்பதற்குள் தட்டிவிடும். முன்கூட்டியே இழுத்துக் காத்திருந்தால் தோள் நடுங்கும். 4கே வீடியோவை ஓடவிட்டு, பிறகு நல்ல ஃபிரேமைப் படமாகப் பிரித்தெடு, ஒவ்வொன்றும் 8 மெகாபிக்சல் வரும். நிற்கிற இடத்தில் முக உயரத்துக்கு ஒரு கம்பை நட்டு, அதில் ஃபோக்கஸைப் பூட்டியபின் கம்பைப் பிடுங்கிவிடு. பூட்டாவிட்டால் காற்றில் ஆடுகிற இலைக்கெல்லாம் அது தாவும். அம்பு பறப்பதைப் பிடிக்க நினைக்காதே. நொடிக்கு 55 மீட்டர் போகிற அம்பு, ஆயிரத்தில் ஒரு நொடியிலேயே ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்து கோடாகத்தான் விழும்.

கட்டையை வெட்டும்போது இரண்டாக வெட்டச் சொல், ஒன்று எனக்கு. பார்டருக்குப் புரோட்டா சாப்பிட வருகிற அன்றைக்குக் கொண்டு வா. டியூப் இங்கே நாலு கிடக்கிறது.

அன்புடன்,
முருகையா