ரீடர் சரி, சாம்பிள் சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரி மக்காச்சோளம் தீவன ஆலைகளுக்கு லாரி லாரியாக வந்து இறங்கும் பருவத்தில், இப்போதெல்லாம் எடைமேடைக்குப் பக்கத்திலேயே அஃப்லடாக்சின், அதாவது தானியத்தில் பூஞ்சணம் உண்டாக்கும் நச்சு, எவ்வளவு என்று பார்த்துவிட முடிகிறது. விரல் அகலப் பட்டை ஒன்று, அதைப் படித்து எண்ணாகச் சொல்லும் சிறு ரீடர் ஒன்று, கால் மணி நேர வேலை. ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்த நிலைக்கு இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பட்டைக்குத் தெரிந்தது தன்மேல் விழுந்த, அரைத்த மாவின் கரைசலில் சில சொட்டுகள் மட்டுமே. அந்தச் சொட்டு லாரிக்காகப் பேசுகிறதா என்பது, லோடுக்குள் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசியைப் பிடிக்கும் கையைப் பொறுத்தது. பணம் முழுக்க ரீடருக்குப் போகிறது. கவனிப்பார் இல்லாமல் கிடப்பது குத்தூசியும் அரைக்கும் இயந்திரமும்.

தானியத்துக்கு நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், பேச்சுவழக்கில் 15 பிபிபி. நூறு கோடி பங்கில் பதினைந்து. இந்த நச்சு லோடு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. படைப்புழு துளைத்த கதிர், மணி பிடிக்கும் நேரத்தில் வறட்சி கண்ட செடி, தார்ப்பாய் ஒழுகி நனைந்த மூட்டை என்று திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். மக்காச்சோளத்தின் ஒற்றை மணியில் 4 லட்சம் பிபிபி வரை அளந்திருக்கிறார்கள். மணி 0.3 கிராம் என்றால் அதற்குள் 120 மைக்ரோகிராம் நச்சு. அந்த ஒரே மணி 5 கிலோவில், அதாவது பதினாறாயிரத்துச் சொச்சம் நல்ல மணிகளோடு கலந்தால், மொத்தமும் 24 பிபிபி. லாரியின் பின்கதவைத் திறந்து ஒரு கை அள்ளினால் அந்த மணி கையில் வராமல் போவதே அதிகம். வந்துவிட்டால் நல்ல லோடும் திரும்பிப் போகும். முதலாவதில் கோழிப் பண்ணைக்காரர் நஷ்டப்படுகிறார், இரண்டாவதில் விவசாயி.

10 முதல் 20 டன் வரையிலான லாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி 60 இடங்களில் நூறு நூறு கிராமாக, 6 கிலோ எடுக்கச் சொன்னது. வாசலில் வரிசையாக லாரிகள் நிற்கும்போது அறுபது குத்து நடக்காது என்பார்கள். சரி, குத்தூசி மேலிருந்து அடி வரை போகட்டும், நான்கு மூலை, நடு, பக்கவாட்டு என்று குறைந்தது எட்டுப் பத்து இடங்களிலாவது போகட்டும். மூட்டையாக வந்தால் மேல் அடுக்கை மட்டும் குத்திவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. பாதி இறக்கிய பிறகு நடுவிலும் அடியிலும் மறுபடி எடுக்க வேண்டும். லோடு நகரும்போதே, கொட்டும் இடத்தில் சீரான இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது இதைவிட நல்லது.

அடுத்த கோளாறு அரைப்பதில். சேர்த்த 5 கிலோவிலிருந்து ஐம்பது கிராம் முழு மணியை அள்ளி மிக்சியில் போடுகிறார்கள். குத்தூசி பட்ட பாடெல்லாம் அங்கேயே வீணாகிறது. முழுவதையும் அரைத்து, கலந்து, அதன் பிறகுதான் 50 கிராம் எடுக்க வேண்டும். அமெரிக்கத் தானிய ஆய்வு முறையில் லாரிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ போதும். ஆனால் அந்தக் கிலோ முழுவதும் அரைபட்டு, மாவில் 60 முதல் 75 சதவீதம் 20 கண் (அங்குலத்துக்கு இருபது துளை) சல்லடையில் இறங்க வேண்டும். ரவை போல நின்றால் நச்சு கரைசலுக்குள் முழுதாக இறங்காது, எண் குறைத்துக் காட்டும். இன்னொன்று: கெட்ட லோடை அரைத்த இயந்திரத்தில் ஒட்டிய தூசி அடுத்தவர் லோடையும் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷும் ஊதுகுழாயும் வேண்டும்.

பட்டையிலும் ஒரு கண்ணி உண்டு. கொரோனா கிட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டு கோடு என்றால் பாதிப்பு. இங்கே தலைகீழ். நச்சு அதிகமாக அதிகமாகச் சோதனைக் கோடு மங்கிக்கொண்டே போய் மறைந்துவிடும். இரண்டு கோடும் பளிச்சென்று இருந்தால்தான் தானியம் சுத்தம். கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லை என்றால் பட்டை கெட்டது, குப்பையில் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய வகையாக இருந்தால், வெளியே எடுத்த உடனே டப்பாவைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் ஈரம் படிந்து வீணாகும். சொன்ன நிமிடத்துக்குப் பிந்திப் படித்தாலும் எண் மாறும். மக்காச்சோளத்துக்கு அளவு திருத்திய பட்டையில் கடலைப் புண்ணாக்கையோ பருத்திப் புண்ணாக்கையோ பார்ப்பதில் அர்த்தமில்லை, கம்பெனி அந்தப் பொருளுக்கும் கணக்கு தந்திருந்தால் ஒழிய. 13, 17 என்று வரம்பை ஒட்டி வரும் எண்ணை வைத்து யாரும் சண்டை போட வேண்டாம். அதை எச்பிஎல்சி, அதாவது நச்சைத் தனியே பிரித்துத் துல்லியமாக அளக்கும் கருவி, உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் முறை.

புற ஊதா விளக்கை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 365 நானோமீட்டர் விளக்கின் கீழ் உடைத்த மணி பச்சை கலந்த மஞ்சளாக மின்னுவது பூஞ்சணம் விட்டுப்போன கோஜிக் அமிலத்தின் வேலை, அஃப்லடாக்சினின் வேலையே இல்லை. மின்னாத மணியிலும் நச்சு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளியை மணிமேல் பாய்ச்சிப் பார்க்கும் அருகு அகச்சிவப்புக் கருவியும் பிபிபி அளவை நேராகப் பார்ப்பதில்லை. பூஞ்சணத்தால் மணியின் மாவிலும் புரதத்திலும் ஏற்படும் மாற்றத்தை வைத்து ஊகிக்கிறது. சந்தேக லோடைப் பிரித்து வைக்கலாம், விலை பேச அது போதாது. நிலக்கடலையில் மணி மணியாகப் பார்த்துக் கெட்டதை ஊதித் தள்ளும் நிறம் பிரிக்கும் இயந்திரத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அது அளப்பதோடு நிற்காமல் நீக்கியும் விடுகிறது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கும் ஆலைகளுக்கும் ஒரு கோரிக்கை. விவசாயிக்குத் தரும் சீட்டில் பிபிபி எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை இடத்தில் குத்தூசி போட்டது, மொத்த மாதிரி எத்தனை கிலோ, ஈரப்பதம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள். அரைத்த மாவில் கால் கிலோவை இரு தரப்பும் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, தகராறு தீரும்வரை உறைபெட்டியில் வையுங்கள். ஈரமாக பாலித்தீன் பையில் கட்டி மேசை மேல் போட்டு வைத்தால் இரண்டே நாளில் பைக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்குப் பிறகு எந்த ஆய்வகத்துக்கு அனுப்பியும் பயனில்லை.

இப்படிக்கு,
தானியப் பரிசோதகர் ஒருவர்,
நாமக்கல்.