அண்ணன் வீடு திரும்பினார்: உதவியவர்களுக்கு எங்கள் நன்றி மடல்

அம்பாசமுத்திரம் வட்டாரத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், பாளையங்கோட்டையில் எங்கள் அண்ணனுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம்.

பிசானப் பருவ நெல் நடவு முடிந்த வாரத்தில், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாய்ந்த வலியை வாயு என்று எண்ணி, பெருங்காயமும் சோடாவும் கொடுத்து ஓர் இரவை வீணாக்கினோம். விடியுமுன் 108 வண்டியை வரவழைத்து, நாங்கள் தயங்கியும் விடாமல் ஏற்றி அனுப்பிய எதிர்வீட்டு அண்ணாச்சிக்கே முதல் நன்றி. பித்தப்பைக் கல் ஒன்று நழுவிப் பித்தக்குழாயை அடைத்ததால், செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கும் கணையம் அழற்சியுற்றிருந்தது. இரண்டாம் நாளே சிறுநீர் குறைந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து மூச்சு வாங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து, அதற்கேற்பச் சலைனைக் கூட்டியும் குறைத்தும் கண்விழித்த செவிலியர்களால்தான் டயாலிசிஸ் இல்லாமலே சிறுநீரகம் மீண்டது என்று நம்புகிறோம்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் ஏறியது. கணையத்தின் ஒரு பகுதி அழுகி, அதில் கிருமித்தொற்றும் சேர்ந்துவிட்டது என்று கேட்டதும், உடனே அறுத்து எடுத்துவிடும்படி மருத்துவரிடம் மன்றாடினோம். அவர் ஸ்கேன் உறையின் பின்புறத்தில் படம் வரைந்து, அழுகிய பகுதியைச் சுற்றிச் சுவர் பிடிக்க ஏறத்தாழ 4 வாரம் ஆகும் என்றும், அதற்கு முன் கத்தி வைத்தால் ரத்தப்போக்கு முதலிய ஆபத்துகள் மிகுதி என்றும், அதுவரை மருந்தால் தாங்கப் பார்க்கலாம் என்றும் மதினிக்குப் புரியும்வரை விளக்கினார். காத்திருப்பதும் வைத்தியம்தான் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த உறையை இன்றும் வைத்திருக்கிறோம். பிறகு இடது விலாவுக்குக் கீழே குழாய் செலுத்திச் சீழை வடித்தார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியே வரவில்லை.

அதுவரை மூக்கு வழியே சிறுகுடலுக்குச் சென்ற குழாயில்தான் உணவு. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை முதன்முதலாக வாயில் வாங்கியபோது, அண்ணன் அதை விழுங்காமல் வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு முறைவைத்துப் படுத்திருந்த நண்பர்களுக்கும், வாய்க்கால் முறை தப்பாமல் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, அறுவடையையும் முடித்து நெல்லை வீடு சேர்த்த சித்தப்பா பிள்ளைகளுக்கும் நன்றி. அண்ணன் இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கல் மறுபடியும் நழுவாதிருக்க அடுத்த மாதம் பித்தப்பையை எடுக்கிறார்கள். துணைக்கு வருவதாக எதிர்வீட்டு அண்ணாச்சி இப்போதே சொல்லிவிட்டார்.