பொருள்: காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் காரும் நான்கு மாத அலைச்சலும் – புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

நான்கு மாதமாகத் திண்டுக்கல்லுக்கும் மதுரையில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்கும் அலைந்து ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். டோல்ஃப்ரீ எண்ணில் மூன்று தடவை புகார் பதிந்தேன். ஒவ்வொரு தடவையும் "24 மணி நேரத்தில் கூப்பிடுவார்கள் சார்" என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

வண்டி 2004 மாடல் டீசல். இன்ஜினுக்கு டீசல் அனுப்புவது ரோட்டரி பம்ப்; டீசல் ஃபில்டரின் மேல்மூடியான ஃபில்டர் தலையிலேயே, கையால் அமுக்கி டீசலை ஏற்றும் கைப்பம்ப். நீங்கள் செய்த வண்டி, உங்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க நின்றால் காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. கைப்பம்பை இருபது முப்பது தடவை அமுக்கினால் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நாள் முழுக்கத் தொந்தரவே இல்லை. வாசல் சரிவில் முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம். இத்தனையும் முதல் நாளே சொன்னேன். ஜாப் கார்டில் எழுதியது "ஸ்டார்ட்டிங் டிரபிள்", அவ்வளவுதான்.

பேட்டரி மாற்றினார்கள், 6,200 ரூபாய். சரியாகவில்லை. ஸ்டார்ட் செய்ய இன்ஜினைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்கும் மாற்றினார்கள், 3,800. அதிலும் சரியாகவில்லை. கடைசியில் ரோட்டரி பம்பைக் கழற்றி ஓவர்ஹால் செய்ய வேண்டும், 38,000 ஆகும் என்றார்கள். டீசல் லைனில் காற்று புகுகிறதா என்று பாருங்கள் என்று நான் கேட்டதற்கு, "டீசல் ஒழுகலையே சார், லீக் எப்படி இருக்கும்?" என்றார் உங்கள் சூப்பர்வைசர். டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நின்றபிறகு அந்தக் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். இது உங்கள் ஆளுக்குத் தெரியாதா?

65 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போன சூட்டில் வண்டி அவர்கள் முன்னால் உடனே ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். ஒரு ராத்திரி நிறுத்திவைத்துக் காலையில் பாருங்கள் என்று கெஞ்சினேன். இடம் இல்லை என்றார்கள்.

இங்கே திருச்சி ரோட்டில் லாரி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி மாதிரி ஹோஸ் மாட்டினார், குமிழி குமிழியாகக் காற்று போனது. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு ஒரு கேனிலிருந்து நேராக ஃபில்டருக்கு டீசல் கொடுத்தார். அப்போதும் குமிழி நிற்கவில்லை. ஆக டேங்கிலிருந்து வரும் பைப்பில் கோளாறு இல்லை. கைப்பம்புக்கு அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. அவர் வாங்கியது 300 ரூபாய்.

நீங்கள் கொடுத்திருக்க வேண்டிய ஓ-ரிங் அது! உங்கள் சென்டரில் கேட்டதற்கு, தனியாக வராது, ஃபில்டர் தலையோடுதான் வரும் என்றார்கள். சரி, அதையே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "ஸ்டாக் வந்துடுச்சு, வாங்க" என்று போன் வந்ததும் கடைக்கு லீவு விட்டு ஓடினேன். காலை பத்து மணியிலிருந்து நாலரை வரை உட்கார வைத்துவிட்டு, வந்தது வேறு மாடலுடையது என்றார்கள். காரணம் கேட்டதற்கு அதே சூப்பர்வைசர், போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "இருபது வருஷ வண்டி சார், இப்படித்தான் இருக்கும். வித்துட்டுப் புதுசு எடுங்க" என்றார். பத்துப் பேர் முன்னால். என் அப்பா கடைசியாக வாங்கிய வண்டி அது. அந்த வார்த்தையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பிளக் மாற்றிய மறுவாரம் பழனியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம், அதிகாலை நாலரை மணி முகூர்த்தம். தாய்மாமன் நான். வண்டி நேரத்துக்குக் கிளம்பவில்லை. போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. என் குடும்பத்தில் இனி எந்த விசேஷத்திலும் நான் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. இதற்கு எந்த பில்லில் கழிவு தருவீர்கள்?

தயவுசெய்து 15 நாளுக்குள் பேட்டரிக்கும் பிளக்குக்கும் வாங்கிய 10,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். சரியான ஃபில்டர் தலையைத் திண்டுக்கல்லுக்கே அனுப்பிவையுங்கள், விலையைக் கொடுக்கிறேன். அந்த சூப்பர்வைசர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இனி திண்டுக்கல்லுக்கு வர வேண்டியது நீங்கள். ஜாப் கார்டு, பில்கள், குமிழி ஓடும் வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இன்னும் உங்கள் கம்பெனி மேல் மரியாதை வைத்துத்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். பதிலைத் தபாலில் அனுப்புங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை இருபது வருடமாக ஓட்டும் வாடிக்கையாளர்,
திண்டுக்கல்