மதிலோரத்து இரண்டடி மண்ணில் நாட்டுத் தெற்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டத்தில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் முற்றம் முழுவதும் இன்டர்லாக் கல் பதித்துவிட்டு, மதிலோரம் மிஞ்சும் இரண்டடி மண்ணில் வெளியூரிலிருந்து லாரியில் வந்திறங்கும் அழகுச்செடிகளை வரிசையாக நடுவது வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டடியையாவது, நம் மலையடிவாரப் புதர்களில் யாரும் நடாமலே வளரும் தெற்றிக்கு, புறத்திணையில் வெட்சி எனப் பெயர் பெற்ற அந்தச் சிவந்த பூவுக்கு, ஒதுக்க வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தெற்றி வேண்டும் என்று நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் குட்டை ரகத்தையோ சீன இனத்தையோதான் எடுத்துத் தருகிறார்கள். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட நாட்டுத் தெற்றியை அடையாளம் காண்பது கடினமன்று. அதன் இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். இலையின் அடிப்பாகம் இதய வடிவில் தண்டை ஒட்டி அமர்ந்திருக்கும். பூவின் நான்கு இதழ்களும் நுனி கூர்ந்திருக்கும். சீன இனத்தின் இதழ்களோ நுனி உருண்டவை.

ஒவ்வொரு பூவும் ஓரங்குலத்துக்கு மேல் நீண்ட மெல்லிய குழாயின் முனையில் விரிகிறது. தேன் அந்தக் குழாயின் அடியில் இருப்பதால், நாக்கு குட்டையான தேனீக்களுக்கு அது எளிதில் எட்டுவதில்லை. நீண்ட உறிஞ்சுகுழல் உடைய பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சிகளும் தேன்சிட்டுகளுமே அதைத் தேடி வருகின்றன. பூவைப் பறித்து, நடுவிலுள்ள நூலை மெல்ல உருவி, அதன் நுனியில் திரளும் தேன்துளியை நாவில் வைத்துச் சுவைக்காத குழந்தைகள் நம் ஊர்களில் முன்பு இருந்ததில்லை. இன்று அந்தச் சுவையை அறியாமலே பிள்ளைகள் வளர்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பூ உதிர்ந்தபின் பழுத்துக் கருஞ்சிவப்பாகும் சிறு பழங்களைக் கொண்டைக்குருவிகள் விட்டுவைப்பதில்லை.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் புளிப்புத்தன்மை உள்ள செம்மண் தெற்றிக்கு மிகவும் ஏற்றது. அப்படியிருந்தும் மதிலோரம் வைத்த செடியின் இளந்தளிர், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, வெளுத்து மஞ்சளாகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். சிமெண்டிலும் காரையிலும் இருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போவதே இதற்குக் காரணம். கட்டட இடிபாடுகளைத் தோண்டி அகற்றி, இலைமக்கு கலந்த செம்மண்ணை நிரப்பி, மதிலை ஒட்டி வைக்காமல் இயன்றவரை தள்ளி நட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். அகஸ்தீஸ்வரம் கடற்கரையில் உப்புக்காற்று நேராக வீசும் வீடுகளில் இது அவ்வளவு செழிப்பாக வராது. அங்கே காற்று மறைவான பக்கம் பார்த்து நடுவதே நல்லது.

கன்று கிடைக்கவில்லை என்று சோர வேண்டியதில்லை. பென்சில் பருமனில், முற்றலும் இளசுமாக இல்லாத கொம்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நிழலான இடத்தில் ஊன்றினால் பெரும்பாலும் வேர்பிடிக்கும். ஐப்பசி மழையும் நமக்குக் கிடைப்பதால், இரண்டாம் முறை முயலவும் வாய்ப்புண்டு. வேலியாக வளர்ப்போர் மாதந்தோறும் கத்தரித்துச் சதுரமாக்குவதை விட்டுவிட வேண்டும். பூங்கொத்து கிளை நுனியில்தான் பிடிக்கிறது என்பதால், ஒரு பூப்பருவம் முடிந்தபின் கவாத்து செய்தாலே போதும்.

பூவுக்குப் பெயர்பெற்ற தோவாளையில் மலரியல் ஆராய்ச்சி நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் மாவட்டம் இது. நாட்டுத் தெற்றிக் கன்றுகளை அந்நிலையங்கள் மழைக்காலத்துக்கு முன்பே உற்பத்தி செய்து, பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் குறைந்த விலையில் வழங்க ஆவன செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை.