சும்மா ஓடவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையைச் சுற்றி உருவாகி வரும் தரவு மையங்களை (ஏராளமான சர்வர் கணினிகளை இரவு பகலாக ஓட்டும் கட்டிடங்களை)ப் பற்றி உங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். எத்தனை கோடி முதலீடு, எத்தனை மெகாவாட் என்பதெல்லாம் வருகிறது. கரண்ட் போனால் உள்ளே என்ன நடக்கும் என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 33 வருடம் ஜெனரேட்டர், யூபிஎஸ் அறைகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

ஜெனரேட்டர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈ.பி. கரண்ட் போய், அது தானாக ஸ்டார்ட் ஆகி, லோடு, அதாவது மின்சுமை, எடுக்கப் பத்துப் பதினைந்து விநாடி பிடிக்கும். சர்வர் அதுவரை தாங்காது. அந்த இடைவெளிக்குத்தான் யூபிஎஸ் பாட்டரி.

ஒரு கத்திரி வெயில் சமயம். நான் வேலை பார்த்த இடத்தில் விடியற்காலை நாலேகாலுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பதினோராவது விநாடியில் தயாராகிவிட்டது. சர்வர்கள் அதற்கு முன்பே அணைந்துவிட்டன. வருடக்கணக்காகக் கத்திக் கத்தியே பேசிப் பழகிய அறை அது. அன்று நான் "என்னாச்சு" என்று வாய்க்குள் சொன்னது அடுத்த வரிசையில் நின்ற பையனுக்குக் கேட்டது. ஒவ்வொரு சர்வராக எழுப்பி முடிக்க மத்தியானம் இரண்டு மணி ஆனது.

வரிசையாக இணைத்த 40 பாட்டரிகளில் 27-ஆம் எண் உள்ளே காய்ந்துபோயிருந்தது. பக்கவாட்டில் லேசாக உப்பியும் இருந்தது. திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணையுமே, அதே கதைதான். லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். மாதாமாதம் அளவெடுத்து எழுதியிருந்தது. 27-க்கு எதிரே 13.5, 13.5, 13.6 வோல்ட். அதில் பாதி என் கையெழுத்து. யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும்போது கெட்ட பாட்டரிகூட மீட்டரில் நல்ல அளவையே காட்டும். லோடு கொடுத்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். அந்த லோடை நாங்கள் ஒரு நாளும் கொடுத்துப் பார்க்கவில்லை. ஏ.சி. செலவை மிச்சம் பிடிக்கப் பாட்டரி அறையை 33 டிகிரியில் விட்டிருந்தார்கள். இந்த ஈய-அமில வகை பாட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஜெனரேட்டரிலும் இதே தவறு நடக்கிறது. வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் லோடு இல்லாமல் சும்மா ஓடவிட்டு "ஓடுது சார்" என்று எழுதிவிடுகிறார்கள். லோடு இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் டீசல் சரியாக எரியாது. புகைக்குழாயில் கரியும் எண்ணெய்ப் பசையும் சேரும். அப்புறம் ஸ்டார்ட் செய்யும் பாட்டரி. பெரிய எஞ்சின் கிளம்பாமல் நிற்பதற்கு அடிக்கடி காரணம் அதுதான். சர்வீஸ் முடித்துவிட்டு கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தானாகக் கிளப்பும் ஏ.எம்.எஃப். பேனலின் சுவிட்சை 'ஆட்டோ'வுக்குத் திருப்பாமல் போய்விட்டதை இரண்டு இடங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பிராட் ஸ்ட்ரீட் 75-ஆம் எண் கட்டிடத்தில் ஜெனரேட்டர் மேலே பத்திரமாகத்தான் இருந்தது. டீசலை மேலே ஏற்றும் பம்பு தரைத்தளத்துக்குக் கீழே இருந்து மூழ்கிப்போனது. பதினேழு மாடிக்கு ஆட்கள் டீசலைக் கையால் சுமந்து ஏற்றினார்கள். 2015 டிசம்பரில் தண்ணீரில் நின்ற ஊர் நம்முடையது. ஜெனரேட்டர் எந்த மாடியில் என்று கேட்கும் அதிகாரிகள், டீசல் பம்பும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் பேனலும் எங்கே என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

லித்தியம் பாட்டரி வந்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்கிறார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது லித்தியம் யூபிஎஸ் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போதுதான். 2014-இல் பொருத்தியவை, பத்து வருட உத்தரவாதம் தாண்டியவை. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றுபோயின.

தமிழ்நாடு அரசு 2021-லேயே தரவு மையங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதோடு ஒரு நிபந்தனையும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, மின் ஆய்வாளர் முன்னிலையில், ஈ.பி. பிரேக்கரை நிஜமாகவே இறக்கி, முழு லோடையும் முதலில் பாட்டரியிலும் பிறகு குறைந்தது நான்கு மணி நேரம் ஜெனரேட்டரிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பாட்டரி மேலும் அது வந்த மாதமும் வருடமும் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும்.

"சோதனையின்போது நின்றுவிட்டால் யார் பொறுப்பு?" என்று மேலாளர்கள் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். நிற்கட்டும் சார். முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மெக்கானிக்கும் மாற்றுப் பாட்டரியும் பக்கத்தில் இருக்கும்போது நிற்கட்டும். அன்று நாலேகாலுக்கு அந்த அறையில் இருந்தது நானும் அந்தப் பையனும் மட்டும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர்,
அம்பத்தூர், சென்னை