மஞ்சத் தவளைய கையில தூக்காம போட்டோ எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல ஒரு போட்டோ வந்திருந்துச்சு. கம்மாய்க்குப் பக்கத்துல ஒரு தம்பி மஞ்சக் கலர் தவளை ஒண்ண பின்னங்கால் ரெண்டையும் புடிச்சு தூக்கிக் காட்டுறாரு, மேல "அதிசய மஞ்சள் தவளை, பொதுமக்கள் ஆச்சரியம்"னு தலைப்பு. மழைக்கு மழை ஏதாவது ஒரு பேப்பர்லயோ டிவிலயோ இதே செய்தி வந்துட்டுத்தான் இருக்கு, 2020 ஜூலைல மத்தியப் பிரதேசம் நரசிங்பூர்ல எடுத்த வீடியோ ஒண்ணு நாடு பூரா வாட்ஸப்ல சுத்துனது பல பேருக்கு ஞாபகம் இருக்கும், தண்ணி தேங்குன இடத்துல மஞ்ச மஞ்சளா ஒரு கூட்டமே குதிச்சுட்டு இருக்கும். அதுவும் உங்க போட்டோவுல இருக்கறதும் ஒரே ஜாதி தான், நம்ம வயல்லயும் கம்மாய்லயும் காலங்காலமா இருக்குற பெரிய தவக்கள. வருசம் முழுக்க பச்சையும் பழுப்புமா கலந்த நிறத்துல சேத்தோட சேறா கிடக்கும், இனப்பெருக்க சீசன் ஆரம்பிக்குறப்ப ஆண் மட்டும் இப்படி எலுமிச்சம்பழ மஞ்சளுக்கு மாறும், தொண்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற குரல் பை நல்ல நீலமா ஆயிடும். பொம்பளத் தவளை நிறம் மாறாது. அந்த சீசன் முடிஞ்சா ஆணும் பழைய கலருக்கே வந்துடும். அதனால இது எங்கருந்தோ வந்த புது ஜந்தும் இல்ல, கெட்ட சகுனமும் இல்ல, விஷமும் இல்ல.

செய்தி போட்டதுக்கு நான் கோவிச்சுக்கல, தவளைக்கு பேப்பர்ல இடம் கிடைக்கறதே பெரிய விஷயம்னு நினைக்குறவன் நான். ஆனா அந்த போட்டோ எடுத்த விதம் மனசக் கஷ்டப்படுத்துச்சு, அதுக்காகத்தான் இந்த லெட்டர். எனக்கு ராஜபாளையத்துல கல்யாண போட்டோ எடுக்குறது தொழில், மழை ஆரம்பிச்சா தவளை போட்டோ எடுக்குறது பழக்கம், அதனால கேமராவப் பத்தியும் கொஞ்சம் தெரியும் தவளையப் பத்தியும் கொஞ்சம் தெரியும்.

எங்க பக்கம் ஐப்பசி மழை தான் மழை. புரட்டாசி கடைசி வரைக்கும் காஞ்சு வெடிச்சு கிடந்த குட்டையில ஒரு ராத்திரி நல்லா ஊத்தி முழங்கால் அளவு தண்ணி நின்னா போதும், அன்னிக்கே கச்சேரி ஆரம்பிச்சுடும். இத்தன தவளையும் எங்க இருந்துச்சுன்னு சின்னப் புள்ளைங்க கேக்கும், எல்லாம் காலுக்குக் கீழ தான் இருந்துச்சு, வெயில் காலம் பூரா மண்ணுக்குள்ள ஈரம் இருக்குற ஆழத்துக்குப் போய் ஒடுங்கிக் கிடந்தது மழை சத்தம் கேட்டு மேல வருது. ஏன் இவ்வளவு அவசரம்னா, புதுசா தேங்குன தண்ணியில மீன் இருக்காது, முட்டையத் தின்ன ஆள் கம்மி, ஆனா அந்தத் தண்ணி சீக்கிரம் வத்திடும், அதுக்குள்ள முட்டை தலைப்பிரட்டையாகி, தலைப்பிரட்டைக்கு கால் முளைச்சு வால் கரைஞ்சு கரையேறியாகணும். ஒரு நாள் லேட்டா ஆரம்பிச்சாலும் கடைசில குட்டை காயுறப்ப அது சேத்துலயே மாட்டிக்கும். அந்தப் பெரிய தவளையோட தலைப்பிரட்டை வேற மத்த தலைப்பிரட்டைங்களப் புடிச்சுத் தின்னும், அதனால முந்திப் பொறிக்கறதுக்கு பெரிய போட்டியே இருக்கு. முதல் மழை ராத்திரி ஒரு தவளைக்கு எவ்வளவு முக்கியம்னு இதுல புரியும், அந்த ராத்திரி பார்த்து தான் நாமளும் டார்ச்சும் ஃபோனும் எடுத்துட்டு இறங்குறோம்.

கத்துறது பூரா ஆம்பளத் தவளை தான். ஒவ்வொரு ஜாதிக்கும் ஒவ்வொரு குரல், பொம்பள அந்தக் குரலக் கேட்டுத்தான் தன் ஜாதி ஆணத் தேடி வருது. நுணலும் தன் வாயால் கெடும்னு நம்ம ஊர்ல சொல்றது நேர்ல பார்த்து சொன்னது தான், அந்த சத்தத்தக் கேட்டு பாம்பும் வரும், கொக்கு நாரையும் காலையில வரும், ஆனாலும் கத்தாம இருந்தா ஜோடி சேராது, அதனால உசுரப் பணயம் வச்சு கத்துது. நாம போய் முகத்துல டார்ச் அடிச்சா கப்புனு நிப்பாட்டிடும். நாலு பேர் மாத்தி மாத்தி குட்டையச் சுத்தி வந்தா அந்தப் பக்கம் ராத்திரி பூரா அமைதி ஆயிடும், ஜோடி தேடி வந்த பொம்பளத் தவளை எந்தக் குரல வச்சு எங்க போகும் சொல்லுங்க. ஜோடி சேர்ந்து பொம்பளத் தவளை முதுகுல ஆண் இறுக்கிப் புடிச்சுட்டு இருக்கறதத் தூக்குறது இன்னும் மோசம். தவளைக்கு கருத்தரிக்குறது உடம்புக்குள்ள இல்ல, பொம்பள தண்ணியில முட்டை விட விட ஆண் மேல இருந்து விந்து விடணும், ரெண்டையும் பிரிச்சா முட்டை வீணாப் போகும். மாலை மாத்துற நேரத்துல மேடை ஏறி மாப்பிள்ளையக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனா எந்த வீட்டுலயாவது விடுவாங்களா?

கையில எடுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் தோல். தவளை நுரையீரலோட தோல் வழியாவும் மூச்சு விடுது, தண்ணியும் தோல் வழியா தான் குடிக்குது, அந்தத் தோல் எப்பவும் ஈரமா இருந்தாகணும். நம்ம கையில கொசுவுக்குத் தடவுன க்ரீம் இருக்கும், சானிடைசர் இருக்கும், வேர்வை உப்பு இருக்கும், எல்லாம் நேரா அது உடம்புக்குள்ள போகும். இது போக கைட்ரிட்னு ஒரு பூஞ்சை நோய் இருக்கு, தவளைத் தோலைத் தாக்குறது, உலகம் முழுக்க 500க்கும் மேல தவளை வகையறா ஜாதிங்க அதால குறைஞ்சு போச்சு, அதுல 90 ஜாதி அடியோட போயிடுச்சுன்னு 2019ல கணக்கு போட்டு சொன்னாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் அந்தப் பூஞ்சை இருக்கறதா ஆராய்ச்சி பண்ணவங்க பதிவு பண்ணிருக்காங்க. ஒரு ஓடையில நடந்த ஷூவோட சேத்தோட அடுத்த ஓடைக்குப் போறது அதையும் சேர்த்து சுமந்துட்டுப் போறது தான், அதனால வீட்டுக்கு வந்ததும் சேறு போகக் கழுவி ப்ளீச்சிங் தண்ணியில முக்கி வெயில்ல மொறமொறன்னு காய வச்சுட்டு அடுத்த இடத்துக்குப் போங்க, காஞ்சா அந்தப் பூஞ்சை தாங்காது.

இவ்வளவு சொல்றதால போட்டோவே எடுக்காதீங்கன்னு அர்த்தம் இல்ல. எடுங்க, நிறைய பேர் எடுக்கணும், எங்க எந்தத் தவளை இருக்குனு எழுதி வைக்க நம்ம ஊர்ல ஆளே இல்ல. முதல்ல காத குடுங்க, குட்டைக்குக் கொஞ்சம் தள்ளி லைட்ட அணைச்சுட்டு சும்மா நில்லுங்க, அஞ்சு பத்து நிமிசத்துல நிப்பாட்டுனதெல்லாம் திரும்பக் கத்த ஆரம்பிக்கும். அடிவயித்துல இருந்து கனமா வர்றது அந்த மஞ்சத் தவளை. கரகரன்னு சீப்புப் பல்ல விரலால கீறுன மாதிரி வர்றது கட்டைவிரல் நகத்த விட கொஞ்சம் பெருசா இருக்குற குட்டித் தவளை, அவ்வளவு சின்ன உடம்புல இருந்து அவ்வளவு சத்தமான்னு இருக்கும். செடி மேல இருந்து டக் டக்னு விட்டு விட்டு வர்றது மரத்தவளை, நம்ம பாத்ரூம் செவுத்துல ஒட்டிட்டு இருக்குமே அதே ஆளு. பலூன் மாதிரி உப்பி தண்ணியில மிதந்துட்டே கத்துற குண்டுத் தவளை ஒண்ணு இருக்கு, எறும்பும் கரையானும் தின்னுட்டு மண்ணுக்குள்ளயே வாழுறது, அதப் பார்க்கணும்னா இந்த சீசன விட்டா கஷ்டம். ஃபோன்ல சத்தத்த ரெக்கார்ட் பண்ணுங்க, பேர் கண்டுபிடிக்க நல்ல போட்டோவ விட அது தான் பல நேரம் உதவும்.

சத்தம் வர்ற இடம் தெரிஞ்சதும் டார்ச்ச நேரா அடிக்காம மங்கலா வச்சு, சிவப்பு பேப்பர் சுத்தியிருந்தா இன்னும் நல்லது, குனிஞ்சு மெதுவாப் போங்க. தவளையோட கண்ணு மட்டத்துக்கு கேமரா இறங்கணும், நின்னுட்டே மேல இருந்து எடுத்தா எல்லாத் தவளையும் ஒரே மாதிரி தான் வரும். ஃப்ளாஷ் போட்டா முன்னாடி வெள்ளைத் துணியோ டிஃப்யூசரோ கட்டி பவரக் குறைங்க, ஈரத்தோல்ல நேரா அடிச்சா வெள்ளைத் திட்டா தெறிச்சுப் போய் அந்த மஞ்சக் கலரே வராது. மேக்ரோ லென்ஸ் இல்லாட்டி பரவால்ல, கொஞ்சம் தள்ளி நின்னு ஜூம்ல எடுத்த படத்துல தண்ணியும் புல்லும் மழைத்துளியும் சேர்ந்து வரும், எனக்கு அது தான் பிடிக்கும். நாலஞ்சு ஷாட் எடுத்தாச்சா, நகர்ந்துடுங்க.

ராத்திரி தொந்தரவு பண்ணவே மனசு இல்லன்னா மறுநாள் காலையில போங்க. தேரை முட்டை தண்ணிக்குள்ள செடிய சுத்தி கறுப்பு மணி கோத்த நீள மாலையா கிடக்கும், மரத்தவளை தண்ணிக்கு மேல இலையிலயோ தொட்டிச் செவுத்துலயோ வெள்ளை நுரையா கூடு கட்டியிருக்கும், பின்னங்காலால அடிச்சு அடிச்சு அந்த நுரைய வர வைக்கும், உள்ள பொறிச்ச தலைப்பிரட்டை அங்கருந்து தண்ணிக்குள்ள சொட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய்க் காட்ட இத விட நல்ல நேரம் கிடையாது. ராத்திரி போறவங்க பூட்ஸ் போட்டுட்டுப் போங்க, தவளை இருக்குற இடத்துல கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் இருக்கும், தனியா மட்டும் போகாதீங்க, பழைய கிணறு எங்க இருக்குனு பகல்லயே பார்த்து வச்சுக்கோங்க.

எங்க பக்கத்து மலையில இருக்குற ஒரு தவளையப் பத்தியும் சொல்லணும். 2003ல இடுக்கிப் பக்கம் ஊதாத் தவளைன்னு ஒண்ண அறிவிச்சாங்க, பன்றி மூக்கு மாதிரி மூக்கோட, வருசம் பூரா மண்ணுக்குள்ள இருந்து கரையான் தின்னுட்டு சில நாள் மட்டும் மேல வர்றது, அதோட கிட்டத்து சொந்தம் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுல இருக்கு. அதே வம்சத்துல இன்னொரு ஜாதிய ஸ்ரீவில்லிபுத்தூர் மலையோட கிழக்குச் சரிவுல கண்டுபிடிச்சு 2017ல அறிவிச்சாங்க, பூபதி அவர்களோட பேர வச்சிருக்காங்க, கோயம்புத்தூர் சலீம் அலி மையத்துல ஊர்வனவும் தவளையும் ஆராய்ச்சி பண்ணவர், 2014ல அகஸ்தியமலையில களப்பணிக்குப் போனப்ப விபத்துல இறந்துபோனார். கேரளாப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவத்த ஒட்டி முட்டை விடும், இது நம்ம வடகிழக்கு மழையில முட்டை விடும், அதோட தலைப்பிரட்டை வாயால பாறையக் கவ்விப் புடிச்சு வெள்ளத்துல அடிச்சுட்டுப் போகாம ஒட்டிட்டு இருக்கும். இப்ப யூடியூப் பாத்துட்டு இதத் தேடி ஓடைக்குள்ள இறங்கி கல்லப் புரட்டலாமான்னு என்கிட்டயே கேக்குறாங்க. வேண்டாம்ங்க. அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 2021ல இருந்து புலிகள் காப்பகம், அனுமதி இல்லாம போறது குத்தம், யானை நடமாட்டம் வேற. கல்லப் புரட்டிட்டா அந்த ஈரமும் இருட்டும் போச்சு, திரும்ப அதே மாதிரி வைக்க யாராலயும் முடியாது. அனுமதி வாங்கி ஆராய்ச்சி பண்றவங்க எடுத்த படம் இருக்கு, அதப் பார்த்து சந்தோசப்படலாம்.

உங்ககிட்ட கேக்க ரெண்டு மூணு விஷயம் இருக்கு. கையில தொங்கவிட்ட தவளை போட்டோ வந்தா தயவுசெஞ்சு போடாதீங்க, அது பேப்பர்ல வந்துட்டா அடுத்த மழைக்கு பத்துப் பேர் அதே மாதிரி தூக்குவாங்க. தவளை இலையக் குடையா புடிச்சிருக்குற மாதிரி, வண்டு மேல சவாரி போற மாதிரி வெளிநாட்டுப் படங்கள் ஷேர் ஆகுதே, அதெல்லாம் பெரும்பாலும் வளர்ப்புத் தவளைய ஜோடிச்சு உக்கார வச்சு எடுக்குறது, அதயும் இயற்கை அதிசயம்னு போடாதீங்க. அரிதான தவளையா இருந்தா ஊர் பேரு, ஓடை பேரு போட வேண்டாம், மாவட்டம் போதும். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்ல ஏத்துனா அழியுற நிலையில இருக்குற ஜாதிக்கு இடத்த அதுவே மறைச்சுடும், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்னு நம்ம நாட்டுதும் இருக்கு, வாசகர்களுக்கு அதச் சொல்லுங்க, அவங்க எடுத்த படம் ஆராய்ச்சிக்கும் போய்ச் சேரும். இந்தப் பெரிய தவளைய ஒரு காலத்துல கால வெட்டி வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணாங்க, வயல்ல பூச்சி பெருகும்னு எல்லாரும் சண்ட போட்டு தான் 1987ல அத நிப்பாட்டுனாங்க, அன்னிக்கு பேப்பர்ல எழுதுனவங்களுக்கும் அதுல பங்கு இருக்கு.

அப்புறம் கம்மாய்க்கரை ரோட்டுல முதல் மழை ராத்திரி வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள் பெட்டிச் செய்தியா போட்டா நல்லா இருக்கும். எங்க ஊர்ல ஒரு பக்கம் தோப்பு, மறுபக்கம் தண்ணி, நடுவுல ரோடு, இருட்டுனதும் தவளைங்க தோப்புல இருந்து தண்ணிக்குப் போக அதக் கடந்து தான் ஆகணும், காலையில பார்த்தா தார் ரோடு பூரா நசுங்கிக் கிடக்கு, அதுல முட்டையோட இருக்குற பொம்பளத் தவளை தான் எனக்குத் தெரிஞ்சு அதிகம். மழை பெய்ற அந்த ரெண்டு மூணு ராத்திரி மட்டும் அந்த அரை கிலோமீட்டர மெதுவா ஓட்டுனா போதும். போடுறதா இருந்தா சொல்லுங்க, தவளைய யாரும் தொடாம எடுத்த படங்கள் நான் அனுப்பி வைக்குறேன், காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
ராஜபாளையம்