மிதிக்க முடிந்த கால்களுக்கு 20 கிலோ தடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மின்வண்டிகளான மொபிலிட்டி ஸ்கூட்டர்களுக்கான புதிய விதிகளைப் பற்றி வரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். 2025-இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றின் வேக வரம்பை மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 ஆகக் குறைக்கிறது; மருத்துவத் தேவைக்கான சான்றிதழ் உள்ளவர்களே அவற்றை ஓட்டலாம் என்கிறது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால், இந்த விவாதம் முழுவதிலும் ஒரு சாரார் விடுபட்டுப் போயிருக்கிறோம். எங்களுக்கு நடப்பதுதான் சிரமம். ஆனால் சைக்கிள் மிதிக்க முடியும், மிதிக்கவும் ஆசைப்படுகிறோம்.

1958-இல் சிங்கப்பூரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது எனக்கு இரண்டு வயது. அந்த ஆண்டுக் கடைசியில்தான் டாக்டர் சேபினின் சொட்டு மருந்து இங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. "ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். என் இடது கால் சூம்பி, இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் தச்சராக இருந்தார். எனக்குப் பத்து வயதானபோது, ஒரு மரத்துண்டை இழைத்து என் சைக்கிளின் இடது பெடலில் போல்ட் போட்டு முடுக்கினார். பாதம் நழுவாமலிருக்கத் தன் பழைய பெல்ட்டை வெட்டி வார் தைத்தார். வலது கால் உந்த, இடது கால் கூடவே சுற்றும். அந்த ஏற்பாட்டில்தான் பள்ளிக்குப் போனேன். பிறகு கப்பல் பட்டறைப் பண்டகசாலை வேலைக்கும் போனேன். நடக்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தவர்கள் சைக்கிளில் போகும்போது பார்த்ததில்லை. அதன் அருமை எனக்குத்தான் தெரியும்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இடது கால் மறுபடியும் தளரத் தொடங்கியது. இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீண்டவர்கள் பலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து இப்படி நேர்வதுண்டு. நோயில் செத்துப்போன நரம்புகளின் வேலையையும் மிஞ்சிய நரம்புகளே சேர்த்துச் சுமந்து, ஒரு கட்டத்தில் அவையும் ஓய்ந்துவிடுகின்றன. காலைச் சும்மா போட்டு வைக்கவும் கூடாது, களைத்துப்போகும்வரை உழைக்க வைக்கவும் கூடாது என்பது மருத்துவர் சொன்ன விதி. சொல்வது எளிது. பூங்கா இணைப்புப் பாதையில் இரண்டு முறை சமநிலை தவறி விழுந்த பிறகு சைக்கிளை விற்றுவிட்டேன்.

சென்ற ஆண்டு இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு பூங்காவில் உடற்குறையுள்ளவர்களுக்கென்றே பலவகை மிதிவண்டிகளை வைத்து ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள். கையால் சுழற்றும் வண்டி, சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டும் மோட்டார் சக்கரம், பார்வையற்றவர் பின்னால் அமர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் எல்லாம் இருந்தன. எனக்குக் கொடுத்தது முன்னால் இரு சக்கரமும் பின்னால் ஒன்றும் உள்ள தாழ்வான மின்சைக்கிள். நின்றாலும் சாயாது. இடது பெடலில் பாதத்தையும் கெண்டைக்காலையும் தாங்கும் ஒரு தட்டு இருந்தது. இரண்டு பிரேக்குகளும் ஒரே கைப்பிடியில் வேலை செய்தன. ஒரு கை விளங்காதவர்களுக்காக அப்படி அமைக்கிறார்களாம்.

முதலில் ஓட்டிய வண்டி, மிதிக்கும் அழுத்தத்தை அளந்து மோட்டாருக்குச் சொல்லும் வகை. என் வலது கால் அழுத்தும்போது பாய்ந்தது, இடது கால் முறை வந்ததும் சுணங்கியது. அதைக் கவனித்த அங்குள்ள ஒருவர், பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் வேறொரு வண்டியைக் கொண்டுவந்தார். அது சீராக ஓடியது. நாற்பது நிமிடம் மிதித்தேன். இறங்கியபோது கால் நடுங்கவில்லை. மருத்துவர் சொன்ன அந்த நடுவழி இதுதான் என்று புரிந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் வண்டியின் எடையைக் கேட்டார். 38 கிலோ என்றேன். "இங்கே பதிவு செய்ய முடியாது, அங்கிள்" என்று முடித்துவிட்டார். அவர்மேல் குறையில்லை. சிங்கப்பூரில் மின்சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் உதவியை நிறுத்த வேண்டும். மிதித்தால் மட்டுமே இயங்க வேண்டும். நான் ஓட்டிய வண்டி எடையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேறிவிடும். மூன்று சக்கரம், அகன்ற இருக்கை, கால் தாங்கி, மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவுக்குள் எப்படி அடங்கும்? மொபிலிட்டி ஸ்கூட்டர் என்ற கணக்கிலும் இது சேராது, ஏனென்றால் இதற்குப் பெடல் இருக்கிறது.

பிரிட்டனிலும் முன்பு எடை வரம்பு இருந்தது. இரு சக்கர மின்சைக்கிளுக்கு 40 கிலோ, மூன்று சக்கரத்துக்கு 60 கிலோ. 2015-இல் விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்தே விட்டார்கள். மோட்டாரின் ஆற்றலையும் வேகத்தையும் கட்டுப்படுத்தினால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

நம் ஊரில் இந்த வரம்பு ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியாமலில்லை. நடைபாதையில், நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர் மோதி என் அடுக்குமாடி புளோக்கிலேயே ஒரு மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. 2019 நவம்பரில் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர்களுக்குத் தடை வந்தபோது நிம்மதியடைந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பாதசாரியாக, தடுக்கி விழுந்தால் எழுந்திருக்கவே பத்து நிமிடமாகும் பாதசாரியாக, அந்தப் பயம் எனக்கு உண்டு. அதனால் நடைபாதையில் எனக்கு இடம் கேட்கவில்லை. சைக்கிளோட்டப் பாதையிலும் பூங்கா இணைப்புகளிலும் மட்டும் கேட்கிறேன். 25 கிலோமீட்டர் வேகமும் வேண்டாம். 15-இல் மோட்டார் நிற்கட்டும். மின்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு 2022 முதல் உள்ள கோட்பாட்டுத் தேர்வை நானும் எழுதுகிறேன். வண்டிக்கு எண் பலகை மாட்டுகிறேன்.

யாருக்கு அனுமதி என்று பிரித்தறிவது கடினம் என்பார்கள். மொபிலிட்டி ஸ்கூட்டருக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கும் சட்டம் வந்துவிட்டதே, அதே சான்றிதழில் ஒரு வரியைக் கூட்டினால் போதாதா? "இவர் மிதிக்கலாம், மிதிப்பது இவருக்கு நல்லது" என்று மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ எழுதிக் கையெழுத்திட்டால், அவருக்கு மட்டும் 20 கிலோ வரம்பைத் தளர்த்தலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

இது என் ஒருவனின் தேவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2010-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பார்கின்சன் நோயால் சில அடிகூட எடுத்து வைக்க முடியாமல் உறைந்து நின்ற 58 வயதுக்காரர் அவர். சைக்கிளில் ஏற்றிவிட்டதும் சரளமாக ஓட்டிக்கொண்டு போனார். என் புளோக்கின் ஒன்பதாவது மாடியிலும் பார்கின்சன் நோயுள்ள ஒருவர் இருக்கிறார். அவர் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா அண்ணே!" என்று வியந்து, அந்த வண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? பக்கவாதத்துக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் இயங்குகிறவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதியவர்களை முன்னிருக்கையில் அமர்த்தி, தொண்டூழியர்கள் பின்னாலிருந்து மிதிக்கும் திரிஷா வண்டியில் ஒருமுறை போய்வந்தேன். 2012-இல் கோப்பன்ஹேகனில் தொடங்கிய அந்த நல்ல முயற்சி இங்கும் வந்திருக்கிறது. அந்த இளைஞர்களின் அன்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால், என்னை அழைத்துப்போக ஒருவர் வரும் நாள் வேறு. விடியற்காலையில் நானே கிளம்பி, காப்பி குடிக்க எங்கே நிற்பது என்று நானே முடிவு செய்யும் நாள் வேறு.

2030-க்குள் தீவு முழுவதும் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் சைக்கிளோட்டப் பாதை வரப்போகிறது. உடற்குறையுள்ளவர்களுக்கான உதவித் தொழில்நுட்ப நிதி, தகுதியுள்ளவர்களுக்குச் சாதனச் செலவில் 90 விழுக்காடுவரை, வாழ்நாளில் 40,000 வெள்ளிவரை தருகிறது. பாதையும் பணமும் இருக்கும் ஊரில் வண்டிக்கு மட்டும் அனுமதியில்லை.

வண்டியை நிறுத்துவதற்கும் ஒரு வழி செய்ய வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள சைக்கிள் நிறுத்தங்கள் இரு சக்கர வண்டிக்கு அளவெடுத்துச் செய்தவை. வீட்டு வாசலில் நிறுத்தினால், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதி குறுக்கே வரும். அந்த விதி சரியானதே, எங்களைப் போன்றவர்கள் தப்பித்து ஓடுவதற்கும் அந்த இடம் வேண்டும். எனவே கீழ்த்தளத்தில் ஓர் ஓரமாக இரண்டு மூன்று வண்டிகளுக்குப் பூட்டு வளையத்தோடு இடம் ஒதுக்கினால் போதும்.

எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அடுத்த மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போகிறேன். நான் ஓட்டிய வண்டியின் எடை, அகலம், மோட்டார் ஆற்றல் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் கடிதமும் வாங்கிவிட்டேன். இதே தேவையுள்ள வாசகர்கள் இருந்தால், தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதே மூன்று எண்களோடு போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செம்பவாங் வாசகர் ஒருவர்